மொய் நோட்டில் ஏறாத காசு

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். எதிரணிக்கும் வணக்கம். மண்டபத்துக்குள் இருப்பவர்களுக்கு ஒரு வணக்கம்; வெளியே கோப்பி கலக்கிக்கொண்டே காதை மட்டும் உள்ளே அனுப்பியிருப்பவர்களுக்கு இரண்டு வணக்கம். கொடுத்திருப்பது எட்டு நிமிடம். வணக்கத்துக்கு இவ்வளவு போதும்.

'அரசாங்கப் பணத்துக்குக் கிரிப்டோ மாற்றாகுமா, ஆகாதா?' கிரிப்டோ என்றால் கையில் பிடிக்க முடியாத, கணினிக் கணக்கில் மட்டும் இருக்கிற காசு; அந்தக் கணக்கை எழுதி வைக்கிற ஏடுதான் பிளாக்செயின். மாற்றாகாது என்று பேச வந்திருக்கிறேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய தங்கச்சி தலைப்பை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணனிடம் பிளாக்செயின் என்று சொன்னால் சைக்கிள் செயினா என்று கேட்பார். நம் சுங்கை சிப்புட் டவுனே கைப்பேசிக்கு மாறிவிட்டது. அண்ணன் மட்டும் இன்னும் 555 புத்தகத்திலேயே நிற்கிறார்" என்றார். மண்டபமே கைதட்டியது. என் வீட்டுக்காரியும் தட்டினார். பார்த்தேன்.

சரி தங்கச்சி, 555 புத்தகத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம்.

என் அக்கா மகள் கல்யாணம், கோவில் மண்டபத்தில். மொய் மேசையில் பெரியப்பா. ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேடு எழுதிய கை. ஒரு சென் பிசகாது. அப்போது ஈப்போவிலிருந்து எங்கள் மச்சான் வருகிறார். கழுத்தில் சங்கிலி, கையில் கைப்பேசி. உறை மட்டும் இல்லை.

"பெரியப்பா, மொய் எழுதிக்குங்க."

"எவ்வளவுப்பா?"

"கிரிப்டோவா போடுறேன்."

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "யாரு பேர்ல?" என்றார். கிரிப்டோ என்பது மச்சானோடு வந்திருக்கிற ஆள் என்று நினைத்துவிட்டார் மனுஷன்!

மச்சான் பொறுமையாக விளக்கினார். கிரிப்டோவிலேயே பேர்பெற்ற பிட்காயின்கூட இல்லை, அதற்குச் சித்தப்பா பிள்ளை முறையாகிற ஏதோ ஒரு காயின். "இப்போதைக்கு 101 வெள்ளி வரும், எழுதிக்குங்க" என்றார். அந்த 'இப்போதைக்கு' என்ற சொல் பெரியப்பா காதில் விழுந்துவிட்டது. பேனா நின்றுவிட்டது. "இப்போதைக்குன்னா? சாப்பிட்டு வர்றதுக்குள்ள மாறுமா?"

மாறியது ஐயா! மச்சான் பந்தியில் உட்கார்ந்தார். சாம்பாருக்குக் கைப்பேசியைப் பார்த்தார், 101. ரசத்துக்குப் பார்த்தார், 97. பாயசம் வந்தபோது 92. மோர் ஊற்ற வந்த பையனிடம் "தம்பி, மோர் வேண்டாம்" என்று இலையை மூடிவிட்டார். இன்னும் இறங்கிவிடுமோ என்று பயம்!

இருங்கள், கதை முடியவில்லை. வாங்கிக்கொள்ளும் பக்கமும் ஒரு பை வேண்டும் அல்லவா, வாலட்? மாப்பிள்ளையின் தம்பி பெரியப்பாவின் கைப்பேசியிலேயே அதைத் திறந்து கொடுத்தான். திறந்தவுடன் அது பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களைக் காட்டுகிறது. அந்தப் பன்னிரண்டு சொல்தான் பெட்டிச் சாவி. தொலைத்தால் காசு போச்சு. வேறு யாராவது பார்த்தாலும் காசு போச்சு. "பத்திரமா எழுதி வைங்க பெரியப்பா" என்றான் பையன். பெரியப்பா கிராணி அல்லவா? பத்திரமாக, கொட்டை எழுத்தில், மொய் நோட்டிலேயே எழுதிவிட்டார்! கல்யாணம் முடிந்த மறுநாள் எங்கள் குடும்பத்தில் அந்த நோட்டைப் படிக்காத ஆள் யார்? சம்பந்தி வீடு படித்தது, பக்கத்து வீடு படித்தது. பேச்சு வராத குழந்தையைத் தவிர எல்லாருக்கும் அந்தப் பன்னிரண்டு சொல்லும் மனப்பாடம்.

இதையெல்லாம் விடுங்கள். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு என் அக்கா ஒரு கேள்வி கேட்டார். "நாளைக்கு மச்சான் வீட்டுல விசேஷம் வந்தா நாம எவ்வளவு திருப்பிச் செய்யணும்? நூத்தி ஒண்ணா, தொண்ணூத்தி ரெண்டா?"

எதிரணியில் படித்தவர்கள் நான்கு பேர் இருக்கிறீர்கள். ஒருவராவது என் அக்காவுக்குப் பதில் சொல்லுங்கள். பணம் என்றால் இன்றைக்கு எழுதியதை நாளைக்கும் அதே கணக்கில் படிக்க முடிய வேண்டும். 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் ஏறக்குறைய 69,000 அமெரிக்க டாலர். அடுத்த நவம்பரில் 16,000க்கும் கீழே. இதில் எந்தக் கணக்கில் என் அக்கா மொய் செய்வது? 2010 மே 22ஆம் தேதி அமெரிக்காவில் ஒருவர் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீசா வாங்கினார். அதை இன்றைக்கும் வருஷா வருஷம் கொண்டாடுகிறார்கள். ஏறும் என்று நம்புகிறவன் செலவு செய்ய மாட்டான். இறங்கும் என்று பயப்படுகிறவன் வாங்கிப் போட மாட்டான். அப்புறம் கடையில் யார் நிற்பது?

எல் சல்வடோரைச் சொன்னார் தங்கச்சி. 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டப்படியான பணமாக்கிய நாடு, முதல் நாடு, பெருமைதான். அந்த நாட்டுக்குச் சொந்தப் பணமே கிடையாது, 2001லிருந்து அமெரிக்க டாலர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். 2025 ஜனவரியில் சட்டத்தையே திருத்தி, கடைக்காரர் விரும்பினால் வாங்கலாம், கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டார்கள் என்பதையும் சொல்லியிருக்கலாம். நேரம் போதவில்லை போலிருக்கிறது.

காயினை வீட்டிலேயே கணினி மெஷின் ஓடவிட்டு உண்டாக்கலாம், அதாவது தோண்டலாம் என்றார் இன்னொரு தம்பி. தோண்டுங்கள். 2021இல் சரவாக்கின் மீரியில் அப்படித் திருட்டு மின்சாரத்தில் தோண்டியவர்களின் 1,069 மெஷின்களைப் போலீஸ் தரையில் பரப்பி, சாலை போடுகிற உருளை வண்டியை மேலே ஏற்றியது. அந்தக் காணொளியைப் பார்த்திருப்பீர்கள். அப்பளம் நொறுங்குகிற சத்தம்!

இப்போது தங்கச்சியின் பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். அவருடைய கொள்ளுத்தாத்தா சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் போய் உயிரோடு திரும்பியவர். ஒரு மூட்டை ஜப்பான் நோட்டு கொண்டுவந்தார், வாழைமரம் போட்ட நோட்டு. 1945இல் ஜப்பான்காரன் தோற்றதும் வெள்ளைக்காரன் திரும்பி வந்து அது செல்லாது என்றுவிட்டான். பாட்டி அதை வைத்து அடுப்பு பற்ற வைத்தார். "அரசாங்கப் பணத்தை நம்பியவனுக்குக் கிடைத்தது இதுதான்" என்று சொல்லித் தங்கச்சி கண் கலங்கினார். எனக்கும் கலங்கியது. எங்கள் வீட்டிலும் அந்த ரயிலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் உண்டு.

ஆனால் அந்த நோட்டை எடுத்துப் பாருங்கள் தங்கச்சி. பிற்பாடு அடித்த நோட்டுகளில் வரிசை எண்ணே கிடையாது. எத்தனை அடித்தான், யார் கணக்கு வைத்தான், யாருக்கும் தெரியாது. அடித்தவன் கிளம்பிப் போனதும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு யாரிடம் போய்க் கேட்பது? அதே கேள்வியைத்தான் நானும் கேட்கிறேன். 2008இல் சத்தோஷி நாகமோட்டோ என்ற பெயரில் யாரோ பிட்காயினுக்குத் திட்டம் எழுதினார்கள். 2011க்குப் பிறகு ஆளைக் காணோம். ஆணா, பெண்ணா, ஒருவரா, ஒரு கூட்டமா? தெரியாது. 21 மில்லியனுக்கு மேல் பிட்காயின் வராது என்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். மச்சான் வைத்திருந்த காயினுக்கு யார் எல்லை போட்டது? நாளைக்கு நானே ஒன்று தொடங்கினால் யார் தடுப்பது?

நம் மலேசிய வெள்ளியான ரிங்கிட்டும் அடி வாங்கியிருக்கிறது, நான் மறைக்கவில்லை. 1997இல் டாலருக்கு இரண்டரை வெள்ளியாக இருந்தது, அடுத்த ஜனவரியில் 4 வெள்ளி 80 காசையும் தாண்டியது. செப்டம்பரில் 3.80 என்று ஆணி அடித்தார்கள். 1999 ஜூலையில் 500, 1,000 வெள்ளி நோட்டுகளைச் செல்லாது என்றார்கள். அதனால் நம் பக்கத்தில் யாருக்கும் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை. அந்த நோட்டைக் கண்ணால் பார்த்திருந்தால்தானே! ஆனால் யாரைத் திட்டுவது என்று அன்றைக்கு நமக்குத் தெரியும். கோப்பிக்கடையில் பெயர் சொல்லித் திட்டினோம். ஓட்டுப் போட்டு இறக்கலாம். சத்தோஷி எந்தத் தொகுதியில் நிற்கிறார்? வங்கி மூழ்கினால் ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரைக்கும் வைப்புத்தொகைக் காப்புறுதி இருக்கிறது. எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ சந்தை 2022இல் கவிழ்ந்தபோது போட்டவர்கள் நீதிமன்ற வாசலில் நின்றார்கள். அதை நடத்தியவருக்கு 25 வருடம் சிறை. சிறைக்கு அனுப்பியது யார்? அரசாங்கம்தான். நீங்கள் வேண்டாம், வேண்டாம் என்று சொன்ன அதே அரசாங்கம்!

நம் ஊரிலும் 2019லிருந்து கிரிப்டோ சந்தைகளைப் பத்திர ஆணையம் கண்காணிக்கிறது. வாங்கலாம், விற்கலாம். ஆனால் அது சட்டப்படியான பணம் இல்லை என்று நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா சொல்லிவிட்டது. முருக்கு வாங்கிவிட்டுக் காயினை நீட்டினால் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் விற்கிற அக்கா முருக்கைத் திரும்ப வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான்.

நடுவர் ஐயா மணியைப் பார்க்கிறார். ஐயா, 555 புத்தகம் பாக்கி இருக்கிறது. அதைப் பேசாமல் இறங்கினால் எனக்கு இரவு சோறு இறங்காது.

இங்கே இருக்கிற இளவட்டங்களுக்காகச் சொல்கிறேன். சட்டைப் பையில் அடங்குகிற சின்னப் புத்தகம், அட்டையில் 555 என்று போட்டிருக்கும். மளிகைக் கடையில் கடன் எழுத அதுதான். கடைக்காரரிடம் ஒன்று, நம் கையில் ஒன்று. அரிசி, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய், இரண்டிலும் ஏறும். சம்பள நாளில் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்ப்பார்கள். தங்கச்சி, எல்லார் கையிலும் ஒரே கணக்கு இருக்கும், யாரும் ஏமாற்ற முடியாது என்று பிளாக்செயினுக்கு அரை மணி நேரம் விளக்கம் கொடுத்தீர்களே, எங்கள் அம்மா அதை மின்சாரம் இல்லாத லயத்து வீட்டில் வைத்திருந்தார்!

அரசாங்கத்தையும் முதலாளியையும் நம்ப முடியாத ஏழை எங்கே போவான் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்று நம்மைத் தெருவில் விட்டபோது, இந்தச் சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார்கள். பால் மரம் வெட்டியவன் காசில் தோட்டமே வாங்கினார்கள். அந்தப் பத்து வெள்ளியும் அரசாங்கம் அடித்த வெள்ளிதான். காசை மாற்றவில்லை, கை கோத்தார்கள். கூட்டம் போட்டுக் கணக்குக் கேட்கலாம், எழுந்து நின்று சத்தம் போடலாம்.

இனி நான் சொல்லப்போவது வாதம் இல்லை ஐயா. மதிப்பெண் போட வேண்டாம்.

அப்பா போனபோது நான் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். மழைக்காலம், பல நாளாக மரம் வெட்டு இல்லை; கடையில் கடன் ஏறியிருந்தது. கருமாதி முடிந்து அம்மா 555 புத்தகத்தை முந்தானையில் முடிந்துகொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனார். சீனத் தவுக்கே, அதாவது சீன முதலாளி, வைத்திருந்த மளிகைக் கடை. தவுக்கே நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். அம்மா புத்தகத்தை மேசையில் வைத்து, "மாசம் கொஞ்சமா அடைச்சிடுறேன் தவுக்கே" என்றார். அவர் காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தார். அப்பா பெயர் இருந்த பக்கத்தைத் திருப்பினார். மேலிருந்து கீழே ஒரே கோடு, குறுக்காக. தன் புத்தகத்திலும் அதேபோல ஒரு கோடு. அடுத்த பக்கத்தில் அம்மா பெயரை எழுதச் சொல்லி என்னிடம் பேனாவைக் கொடுத்தார். எழுதினேன். "பையன் ஸ்கூலுக்குப் போறான்ல? நிறுத்திடாதம்மா" என்றார். அப்புறம் அரிசி நிறுக்கப் போய்விட்டார்.

ஒருமுறை ஏறிய கணக்கை உலகத்தில் யாராலும் அழிக்க முடியாது, அதுதான் பிளாக்செயினின் பெருமை என்றீர்கள் தங்கச்சி. நான் படித்ததும், ஒரு வேலைக்குப் போனதும், இன்றைக்கு இந்த மேடையில் நின்று உங்களோடு மல்லுக்கு நிற்பதும், அழிக்கக்கூடிய ஒரு புத்தகத்தில் ஒரு மனுஷன் போட்ட கோட்டால். உங்கள் செயினில் அந்தக் கோட்டைப் போட ஒரு ஆளைக் காட்டுங்கள். பெயர் வேண்டாம், முகவரி வேண்டாம், ஒரு ஆள் போதும். காட்டினால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நானே உங்கள் அணிக்கு வந்துவிடுகிறேன்.

மணி அடித்துவிட்டது. வணக்கம்.