20 விழுந்தால் அடி எத்தனை?

நேயர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டு வளவு வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தாயக்கட்டைச் சத்தம் காதிலேயே இருக்கும். பித்தளைக் கட்டை இரண்டையும் உள்ளங்கைகளுக்குள் வைத்து உரசி ஆத்தங்குடிக் கல்லில் விட்டால் கிணுங்கென்று ஒலிக்குமே, அந்தச் சத்தம்தான். ஒவ்வொரு கட்டைக்கும் 4 முகம். மூன்று முகங்களில் 1, 2, 3 என்று புள்ளிகள், நாலாவது முகம் வெறுமை. இரண்டு கட்டையும் வெறுமை காட்டினால் கணக்குப்படி பூஜ்யம். ஆனால் நாம் அதை 12 என்கிறோம். ஆட்டத்திலேயே பெரிய எண் அதுதான். 16 வாய்ப்பில் ஒரு வாய்ப்பு.

எங்கள் வீட்டில் 12க்கு இன்னொரு முறை உருட்டலாம். காயை வெட்டினாலும் இன்னொரு முறை உருட்டலாம். சரி, 12 போட்டு அதிலேயே ஒரு காயை வெட்டினால்? ஒரு உருட்டா, இரண்டா? தேவகோட்டையிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் இரண்டு என்றார்கள். எங்கள் வீட்டார் ஒன்று என்றார்கள். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. கடைசியில் ஆயா எழுந்து வந்து கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டார். "ஆத்தா, உருட்டுறதுக்கு முன்னாடி பேசுங்க. விழுந்த பிறகு பேசினா அவங்கவங்க காய்க்குத் தகுந்த மாதிரித்தான் வாய் பேசும்" என்றார். எனக்கு அப்போது 9 வயது. அந்தச் சொல்லை இன்னும் நான் விடவில்லை.

இப்போது அதே வளவில் அண்ணன் பிள்ளைகளோடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறேன். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒருவர் கதை சொல்கிறார் (எங்கள் வீட்டில் அது நான்), மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் இறங்குகிறார்கள். வாளை வீசினால் பட்டதா இல்லையா என்று 20 முகப் பகடை சொல்லும். பட்டால் எவ்வளவு காயம் என்று வேறொரு பகடை சொல்லும். அந்த முதல் பகடையில் 20 விழுந்தால் அது கிரிட்டிகல் ஹிட், அதாவது வழக்கத்தைவிடப் பலத்த அடி. பிள்ளைகள் 'கிரிட்' என்பார்கள். 20 வாய்ப்பில் ஒன்று, கிட்டத்தட்ட நம் 12 மாதிரி.

போன கோடை விடுமுறையில் நடந்தது இது. என் அண்ணன் மகனின் வீரன் ஓகர் என்ற பூதத்தோடு சண்டை போடுகிறான். பூதத்துக்கு இன்னும் 10 புள்ளி உயிர்தான் மிச்சம். கல் தரையில் பிளாஸ்டிக் பகடை ஓடிவிடுகிறது என்று எவர்சில்வர் தாம்பாளத்தில்தான் உருட்டுவோம். உருட்டினான், 20! அவன் போட்ட கூச்சலில் முற்றத்துப் புறா பறந்தது. காயத்துக்கு 8 முகப் பகடையை உருட்டினான். விழுந்தது 2. அவனுடைய உடல் பலத்துக்கு எப்போதும் 3 கூட்ட வேண்டும். "2ம் 3ம் 5, கிரிட் என்பதால் இரட்டிப்பு, 10. பூதம் செத்தது அத்தை!" என்றான்.

அவன் தங்கை ஆட்டத்தின் விதிப் புத்தகத்தை எடுத்தாள். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. அதில், காயத்துக்கான பகடைகளை இரண்டு தடவை உருட்டிக் கூட்டு, பிறகு சேர்க்க வேண்டியதை வழக்கம்போலச் சேர் என்றுதான் இருக்கிறது. இரட்டிப்பது பகடையை, மொத்தத்தை அல்ல. வீட்டில் அடுப்படி வேலையோடு கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்காக இன்னொரு தடவை சொல்கிறேன். பகடை இரண்டு முறை, கூட்டும் 3 ஒரே முறை. மறுபடி உருட்டினான். 1 விழுந்தது. 2, 1, 3, ஆக 6. பூதம் பிழைத்தது. முந்தின சாதாரண வீச்சில் அவன் எடுத்தது 9. அவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

அன்று புத்தகத்தின் பக்கம்தான் தீர்ப்பு சொன்னேன். இன்றும் அது சரி என்றே நினைக்கிறேன். பகடை என்பது அந்த நொடியின் அதிர்ஷ்டம். 3 என்பது அவன் வீரனுக்கு எப்போதும் இருக்கிற பலம், அது பகடை விழுவதைப் பார்த்துக் கூடாது, குறையாது. 20 விழுந்ததும் பெருகுவது அதிர்ஷ்டம் மட்டும்தான் என்று அந்த வாக்கியத்தை நான் படிக்கிறேன். ஆனால் அந்தப் பையனின் வருத்தமும் நியாயம். அதனால் அடுத்த வாரம், பகடையைத் தொடுவதற்கு முன்பே, நாலு பேரும் உட்கார்ந்து பேசினோம்.

கணக்கு எளிது. அவன் வாளின் சராசரிக் காயம் 7.5. புத்தகப்படி கிரிட்டுக்குச் சராசரி 12. மொத்தத்தையும் இரட்டித்தால் 15. இன்னொரு வழியும் பல வீடுகளில் உண்டு: ஒரு பகடையை உருட்டாமலே முழுசாக 8 என்று வைத்துக்கொண்டு, மற்றொன்றை உருட்டுவது. அதற்குச் சராசரி 15.5. அதைவிட முக்கியம், எவ்வளவு மோசமாக விழுந்தாலும் 12க்குக் கீழே போகாது. கூச்சல் போட்டுவிட்டு 6 எடுக்கிற சோகம் இல்லை. எல்லோரும் இதற்கே கை தூக்கினார்கள்.

இந்த வழக்குக்குக் கிட்டத்தட்ட ஆட்டத்தின் வயது. 1974இல் ஆட்டம் வந்தபோது கிரிட் கிடையாது. மறு ஆண்டே எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன் என்ற ஆட்டத்தில் எம்.ஏ.ஆர். பார்க்கர் அதைக் கொண்டுவந்தார். 20 விழுந்தால் இரட்டிப்புக் காயம், மறுபடி உருட்டி 19 அல்லது 20 வந்தால் எதிரி அங்கேயே காலி. அவர் உருது பாடநூல் எழுதிய மொழியியல் பேராசிரியர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. முதல் ஆட்டத்தை ஆக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸோ 1979இல் இதை எதிர்த்தே எழுதினார். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் 20 விழுந்தாலும் இன்னொரு உருட்டில் உறுதி செய்ய வேண்டும். 2008இல் நாலாம் பதிப்பு உருட்டவே வேண்டாம், முழு அளவும் எடுத்துக்கொள் என்றது. பதுங்கி அடிப்பவனுக்குக் கிடைக்கும் கூடுதல் பகடைகளை மூன்றாம் பதிப்பு பெருக்காது, ஐந்தாம் பதிப்பு அவற்றையும் இரட்டிக்கும். ஒரு பதிப்பைப் படித்தவர் இன்னொரு பதிப்பு ஆடும் வீட்டில் உட்கார்ந்தால் தேவகோட்டைச் சொந்தக்காரர் கதைதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். மந்திரங்களைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக, 20 முகப் பகடையை உருட்டித் தாக்கும் மந்திரத்துக்குத்தான் கிரிட். எதிரி உருட்டித் தப்பிக்க வேண்டிய நெருப்புக்கோளத்துக்குக் கிடையாது.

அப்புறம் கைகாக்ஸ் ஏன் எதிர்த்தார் என்பது. பூதமும் 20 போடும். பூதம் ஒரு சண்டையோடு போய்விடும், வீரனோ ஒவ்வொரு சண்டையிலும் அடி வாங்க வேண்டும். எங்கள் புதுச் சட்டம் இரண்டு தரப்புக்கும் ஒன்றுதான் என்று முன்பே பேசியிருந்தோம். மூன்றாவது வாரம் வேறொரு ஓகருக்காக நான் உருட்டினேன், 20. அதன் தடிக்கு 8 முகப் பகடை இரண்டு. முழுசாக 16, உருட்டியது 9, பலத்துக்கு 4. மொத்தம் 29. அண்ணன் மகனின் தாளில் 27 இருந்தது. அவன் ஒரு பேச்சும் பேசவில்லை. பென்சிலை எடுத்து 27ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் பூஜ்யம் எழுதினான்.

நேரம் முடிந்தது. வணக்கம்.