காற்றுக்கு முகவரி தெரியாது

நடுவர் அவர்களே, ‘மலையுச்சிச் செடிகளின் மகரந்தச் சேர்க்கைக்குப் பெருந்துணை காற்றா, பூச்சிகளா?’ என்பது தலைப்பு. ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்று காற்றுக்காக முழங்கிவிட்டு அமர்ந்தார் எதிரணித் தலைவர். தூற்றட்டும், ஐயா. தூற்றிய மகரந்தம் போய் விழுவது எங்கே?

புல்லும் கோரையும் ஒரே இனமாக நெருங்கி நிற்கும் இடத்தில் காற்று வேலை செய்யும், நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் மரங்கள் முடிந்துபோகும் உயரத்துக்கு மேலே, பாறை இடுக்கில் ஒன்று, சரிவுக்கு அப்பால் இன்னொன்று என்று சிதறிக் கிடக்கும் பூச்செடிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. மேலும், இச்செடிகளில் பல தரையோடு தரையாக ஒட்டி வளர்வதே காற்றிடமிருந்து தப்பத்தான்! தரையருகே காற்றின் வேகம் குறைந்துவிடும். யாருக்குப் பயந்து பதுங்குகிறதோ, அவரையே தரகராக்கித் திருமணம் பேசுமா செடி?

‘அந்தக் குளிரில் பூச்சி ஏது?’ என்றும் கேட்டார். பம்பிள் தேனீயைப் பாருங்கள். ரோமம் அடர்ந்த உடல். இறக்கையை அடிக்காமல், பறப்பதற்கான தசைகளை மட்டும் நடுங்கவைத்து, மார்பை ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றிக்கொண்டுதான் கிளம்புகிறது. தேனீக்கள் குறையும் உயரங்களில் ஈக்கள் பொறுப்பேற்கின்றன. ஆம், நாம் கையை வீசி விரட்டும் அதே ஈ வகையறாதான். ஆல்ப்ஸிலும் ஆர்க்டிக்கிலும் பூக்கும் டிரையாஸ் என்ற செடி, தன் வெள்ளைக் கிண்ணப் பூவைச் சூரியன் போகும் பக்கமெல்லாம் திருப்புகிறது. பூவுக்குள் வெளியே இருப்பதைவிடச் சில டிகிரி கூடுதல் வெப்பம். குளிர்காய வரும் பூச்சி மகரந்தத்தோடு போகிறது. காற்றை நம்பும் செடி இவ்வளவு செலவு செய்யுமா? கோரைப் பூவில் பகட்டான இதழ் உண்டா?

இமயத்தில் 4,000 மீட்டருக்கு மேல் ரியம் நோபிலே என்றொரு செடி, ஏறக்குறைய ஆள் உயரத்துக்கு நிற்கிறது. வெளிர்மஞ்சள் இலைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிந்து பூங்கொத்தை மூடியிருக்கின்றன. வெளிச்சம் நுழையும், மழையும் காற்றும் எளிதில் நுழையா. அந்தக் கதகதப்புக்குள் சின்னஞ்சிறு பூஞ்சைக்கொசுக்கள் புகுந்து மகரந்தம் சேர்க்கின்றன. சும்மா அல்ல, பூவிலேயே முட்டையிட்டு, தங்கள் புழுக்களுக்குச் சில விதைகளைக் கூலியாக எடுத்துக்கொள்கின்றன.

யாரும் வராவிட்டால் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் செடிகளும் உண்டு. அவற்றை எந்த அணியும் சொந்தம் கொண்டாட வேண்டாம்.

கடைசியாக, எதிரணியினர் கொண்டாடிய குட்டை வில்லோ என்ற புதர்ச்செடி. காற்று அதற்குக் கைகொடுப்பது உண்மை. ஆனால் அதுவும் தேன் சுரக்கிறதே! அந்தத் தேனைக் காற்றா குடிக்கிறது, நடுவர் அவர்களே? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.