பாட்டி எந்த மொழியில் தண்ணீர் கேட்கிறார்?

[காட்சி: கும்பகோணம். நெசவாளர் தெரு. காலை வெயில். உள்ளிருந்து தறிச் சத்தம்.]

வணக்கம். கும்பகோணத்தில் நான் வளர்ந்த தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளிப் போனால் தறிச் சத்தம் கேட்கத் தொடங்கும். அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் உட்கார்ந்திருப்பார். பட்டுநூல்காரர் என்று ஊரில் சொல்லும் சௌராஷ்டிர நெசவுக் குடும்பம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தறிக்கு வேண்டிய நூலை ராட்டையில் சுற்றியவர். வீட்டுக்குள்ளே சௌராஷ்டிரம், வாசலுக்கு வந்தால் தமிழ். எங்களிடம் அவர் பேசிய தமிழில் ஒரு குறையும் இருந்ததில்லை.

மறதி நோய் வந்த பிறகு அந்தத் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. இந்த நோயில் பலருக்கு இப்படி ஆகிறது. பிற்பாடு பழகிய மொழி முதலில் போகும், தாய் பேசிய மொழி கடைசிவரை நிற்கும்.

[காட்சி: சமையலறைத் திண்டில் பித்தளைச் சொம்பு, மேலே கவிழ்த்த டம்ளர்.]

வீட்டில் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. பாட்டியைப் பார்த்துக்கொள்ள வெளியூரிலிருந்து ஒரு பெண்ணை அமர்த்தினார்கள். மத்தியானம் முழுக்கப் பாட்டி "பாணி, பாணி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். ஏதோ பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று நினைத்து அந்தப் பெண் ஆறுதலாகக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் மருமகள் திரும்பி வந்தபோது பாட்டியின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. பாணி என்றால் சௌராஷ்டிரத்தில் தண்ணீர்.

வந்த பெண் நல்ல பெண். அக்கறையோடுதான் பார்த்துக்கொண்டார். அந்த ஒரு சொல்லை அவருக்குச் சொல்லிவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். இந்த வீடியோவை நான் செய்வதற்குக் காரணமே அந்த மத்தியானம்தான்.

[காட்சி: டெல்டா வரைபடம். திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், கூத்தாநல்லூர், நாகூர், அதிராம்பட்டினம் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

காவிரிப் பாசனப் பகுதி என்றதும் வயல், கோயில், தமிழ் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் இங்கே வீட்டுக்குள் வேறு மொழி பேசி முதுமை அடைகிறவர்கள் நிறையப் பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் நாடு முழுவதும் ஏறக்குறைய 2.47 லட்சம் பேர். மதுரை, சேலம், பரமக்குடி போலக் கும்பகோணமும் அவர்கள் ஊர். தஞ்சாவூரில் மராட்டிய அரசர்கள் காலத்தில் வந்து தங்கிய மராத்திக் குடும்பங்கள் இருக்கின்றன. திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் வழியில் தேவராயநேரியில் நரிக்குறவர் குடியிருப்பு இருக்கிறது. அவர்கள் வீட்டு மொழி வாக்ரி பூலி. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கம் வீட்டில் தமிழ்தான். ஆனால் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக இருக்கும் முஸ்லிம் பாட்டிமார் ஆண் பணியாளர் வந்தால் உடம்பு நோவைச் சொல்லக் கூசுவார்கள். நோன்பு மாதத்தில் சர்க்கரை மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றிப் போடுவது என்பதையும் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள ஆள் வேண்டும்.

இவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் வரும் பதில் ஒன்றுதான். "அவங்க ஆளுங்களை அவங்களே நல்லா பாத்துக்குவாங்க." பாராட்டு மாதிரி இருக்கும். ஆனால் அதைச் சொன்ன கையோடு அந்தத் தெருவுக்குள் போய் விசாரிப்பதை விட்டுவிடுகிறோம். இங்கிலாந்திலும் ஆசிய, கரீபிய முதியவர்களைப் பற்றி இதே பேச்சு பல ஆண்டுகளாக உண்டு. அங்கே குடியேறி வயதான நம் தமிழ்ப் பாட்டியும் அந்தச் சிறுபான்மையில் ஒருவர்தான். அங்கே 2014-இல் வந்த பராமரிப்புச் சட்டப்படி, உதவி தேவைப்படுவதாகத் தெரிகிற எவரையும் உள்ளாட்சி மன்றம் மதிப்பிட்டே ஆக வேண்டும். அதில் கலந்துகொள்ள ஒருவர் மிகவும் சிரமப்பட்டு, துணைக்குச் சொந்தமும் இல்லை என்றால், அவர் சார்பில் பேச ஒருவரை மன்றமே ஏற்பாடு செய்து தர வேண்டும். லண்டனில் நம் பாட்டிக்கு எது நியாயமோ, கும்பகோணத்தில் சௌராஷ்டிரப் பாட்டிக்கும் அதுதானே நியாயம்?

[காட்சி: குழித்தறி. குழிக்குள் இரண்டு கால்கள், மிதிபலகை.]

சரி, இங்கே என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம். முதியோர் உதவித்தொகை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 60 வயது ஆகி ஆதரவில்லாமல் இருப்பவர்களுக்கு. 2023 ஆகஸ்டில் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். தாலுகா அளவில் பார்ப்பவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர்.

நெசவாளர்களுக்கு வேறு வழியும் உண்டு. கூட்டுறவுச் சங்க உறுப்பினராக இருந்தவர்களுக்கு முதியோர் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. ஆனால் தனியார் முதலாளியிடம் கூலிக்கு நெய்தவர்களின் பெயர் சங்கப் புத்தகத்தில் இருக்காது. நாற்பது வருடம் குழியில் காலை விட்டு உட்கார்ந்து முட்டி போனவர், தன்னை நெசவாளி என்று காட்ட ஒரு தாளும் இல்லாமல் நிற்பார். அவர்களுக்குக் கைத்தறித் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. அதில் உடம்பு ஓடுகிற வயதிலேயே பதிந்து, புதுப்பித்தும் வர வேண்டும். இப்போது தறியில் இருக்கும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விடுகிற விஷயம் இல்லை இது.

[காட்சி: பாசிமணி கோக்கும் முதிய கைகள்.]

நரிக்குறவர் பெரியவர்களுக்குச் சிக்கல் வயதிலேயே தொடங்குகிறது. 2023 ஜனவரியில் சட்டம் நடைமுறைக்கு வந்து, தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் அவர்கள் சேர்ந்தார்கள். நெடுநாள் கோரிக்கை அது. ஆனால் ஊர் ஊராகப் பாசிமணியும் ஊசியும் விற்று வளர்ந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே கிடைக்கும்? ஆதார் முகாமில் முகத்தைப் பார்த்து உத்தேசமாகப் போட்ட வருடமே அவர்கள் வயதாகிவிட்டது. எழுபது வயது மூதாட்டி அட்டையில் ஐம்பத்தெட்டாக இருப்பார். உதவித்தொகைக்கு இன்னும் இரண்டு வருடம் பொறுக்கச் சொல்வார்கள்.

ஆதாரில் பிறந்த தேதியைப் பொதுவாக ஒரு முறைதான் திருத்த முடியும். அதனால் அவசரப்பட்டு மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, மூத்த பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் முதலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாற்பத்தைந்து வயது மகன் இருக்கும் அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு என்றால், அந்த முரண்பாட்டைக் காட்டியே வட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். மனுவை எழுத ஒருவர், மூதாட்டி சொல்வதைத் தமிழாக்க அவர் வீட்டுப் பேரனோ பேத்தியோ ஒருவர். இரண்டு பேரும் சேர்ந்து போக வேண்டும்.

வீட்டுக்கே வரும் உதவியும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடி வரும். படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய்த்தணிப்புச் சிகிச்சை, இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. வருகிற தன்னார்வலர் பெரும்பாலும் நம் பக்கத்துப் பெண்தான். நெசவாளர் தெருவுக்குச் சௌராஷ்டிரம் தெரிந்த பெண்ணையே போடுங்கள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். இதற்குத் தனிச் செலவு கிடையாது, ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது யோசித்தால் போதும்.

பெற்றோரைப் பிள்ளைகள் கைவிட்டால் 2007-ஆம் ஆண்டு வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். பெரியவரால் முடியாவிட்டால் அவர் அனுமதி தருகிற வேறொருவர் மனு கொடுக்கலாம். வாசல்வரை போய் மொழி தெரியாமல் திரும்புகிறவர்களுக்கு இந்த வசதி பெரிது. அப்புறம், முதியோர் உதவி எண் 14567. காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணிவரை கூப்பிடலாம், கட்டணம் இல்லை. தமிழில் பேச முடியாத பெரியவராக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் பேசுங்கள்.

[காட்சி: காலண்டர் தாள். அதன் பின்பக்கம் ஒரு கை எழுதுகிறது.]

அந்தக் கல்யாணத்துக்கு மறுநாள், மருமகள் பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினார். தண்ணீர், பசி, வலி, பாத்ரூம், குளிர், பயம், போதும். இடது பக்கம் பாட்டியின் சொல், தமிழ் எழுத்தில். வலது பக்கம் அதற்குத் தமிழ். கீழே இன்னும் சில வரிகள்: காப்பி ஆறித்தான் குடிப்பார். சேலைத் தலைப்பை யாரும் இழுக்கக் கூடாது. விளக்கேற்றும் நேரத்தில் கையில் நூல் கொடுத்தால் அமைதியாக இருப்பார்.

எழுதி முடிக்கப் பதினைந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கட்டிலுக்கு நேரே, கண்ணில் படுகிற உயரத்தில் ஒட்டியிருக்கிறார்கள். போன வாரம் மாத்திரை கொடுக்க வந்த பெண் அதைப் படித்துவிட்டு, பாட்டியின் பக்கம் குனிந்து "பாணி?" என்று கேட்டார். பாட்டி தலையாட்டினார். அந்தப் பெண்ணே போய்ச் சொம்பை எடுத்துவந்தார்.