நியமனக் கடிதம் கேட்பது மரியாதைக் குறைவல்ல

வணக்கம் நேயர்களே.

பொருத்தமான வேலையைத் தேடிக்கொள்வது பற்றியும், கிடைத்த வேலையில் அன்றாடம் எழும் சிக்கல்களைக் கையாள்வது பற்றியும் பேசும்படி நிலையத்தார் என்னைக் கேட்டிருக்கிறார்கள். என் உத்தியோக காலம் முழுவதும் கொழும்பிலுள்ள தனியார் நிறுவனங்களின் ஆளணிப் பிரிவுகளிலேயே கழிந்தது. நேர்முகப் பரீட்சையில் கேள்வி கேட்கும் பக்கத்தில் அமர்ந்திருந்தவன் என்பதால், விண்ணப்பதாரிகள் எம்மிடம் எதைக் கேட்டார்கள் என்பதைவிட எதைக் கேட்காமல் எழுந்து போனார்கள் என்பதே எனக்கு அதிகமாக நினைவில் நிற்கிறது.

பெரும்பாலானோர் சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்கள். நாற்பதாயிரம் என்றால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த நாற்பதாயிரத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு, ஓய்வுகாலத்துக்கென்று சேரும் ஊழியர் சேமலாப நிதி எந்தத் தொகையின் மீது கணக்கிடப்படுகிறது என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. அந்த நிதி பற்றிய 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி உங்கள் சம்பளத்திலிருந்து 8 சதவீதம் கழிக்கப்பட வேண்டும். அதனோடு தொழில்தருநர் தமது பணத்திலிருந்து 12 சதவீதம் சேர்த்துச் செலுத்த வேண்டும். நாற்பதாயிரம் ரூபாய்க்கு உங்கள் பங்கு 3,200 ரூபாய், அவருடைய பங்கு 4,800 ரூபாய், ஆக மாதம் 8,000 ரூபாய். இதற்குப் புறம்பாக ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதத்தை அவரே கட்ட வேண்டும்; அதில் ஒரு சதத்தைக்கூட உங்களிடம் கழிக்க முடியாது. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி, மீதியை வாழ்க்கைச் செலவுப் படி, உணவுப் படி என்று பிரித்து, அந்தக் குறைந்த தொகைக்கு மட்டும் சேமலாப நிதி கட்டும் இடங்கள் உண்டு. அது முறையல்ல, அந்தப் படிகளும் கணக்கில் சேர வேண்டியவை. மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. இன்னொன்று: தகுதிகாண் காலம் முடிந்த பிறகுதான் சேமலாப நிதி என்று சொன்னால் நம்ப வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அது உரியது.

பொருத்தமான வேலை எது என்பதில் தூரத்துக்கும் பங்குண்டு. வத்தளையில் வீட்டை வைத்துக்கொண்டு மஹரகமவில் வேலைக்குப் போகிறவர், காலையிலும் மாலையிலும் பஸ்ஸில் நின்றபடி கழிக்கும் நேரத்தையும் சம்பளத்தில் கழித்துப் பார்க்க வேண்டும். கையில் தொழில் இருந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள், உதாரணமாகப் பல வருடம் வயரிங் வேலையோ வெல்டிங் வேலையோ செய்து பழகியவர்கள், மீண்டும் வகுப்பில் போய் உட்காராமலே தங்கள் அனுபவத்தை மதிப்பிடச் செய்து என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெறும் வழி உண்டு. நைட்டா என்ற அரச பயிற்சி நிறுவனத்திலோ தொழிற்பயிற்சி அதிகார சபையிலோ விசாரியுங்கள். இதை இத்துடன் விடுகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்த முக்கியமான விடயம் வேறு.

அது நியமனக் கடிதம். என்னோடு வேலை செய்தவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால் சிரிப்பார்கள். எந்தக் கூட்டத்தில் பேசினாலும் நான் இங்கேதான் வந்து நிற்பேன்.

மலையகத்திலிருந்து பதினெட்டு வயதில் கொழும்புக்கு வந்த ஓர் இளைஞரை எனக்குத் தெரியும். புறக்கோட்டையில் ஒரு மொத்தத் துணிக்கடையில் சேர்ந்தார். முதலாளி அவருடைய ஊர்ப்பக்கத்துக்காரர், உண்மையிலேயே நல்ல மனிதர். சாப்பாடு கடையில், படுக்கை கடைக்கு மேலே, தீபாவளிக்கு உடுப்பு, ஊருக்குப் போகக் கைச்செலவு. தங்கையின் திருமணத்துக்கு நகைக்குப் பணம் கொடுத்தவரும் அவரே. "நீ என் பிள்ளை மாதிரி" என்று சொல்லும் முதலாளியிடம் போய் நியமனக் கடிதம் தாருங்கள் என்று எப்படிக் கேட்பது? அவர் கேட்கவில்லை. சேமலாப நிதி கட்டப்படுகிறதா என்றும் கேட்கவில்லை. ஏழு வருடம் கழித்து முதலாளி காலமானார். கடை பிள்ளைகள் கைக்கு வந்தது. ஆட்களைக் குறைக்கிறோம் என்று சொல்லி, அந்த மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிறகு சேமலாப நிதியைப் பற்றிக் கேட்டபோது, அப்படி ஒருவர் எங்களிடம் நிரந்தரமாக வேலை செய்யவே இல்லை, நாட்கூலிக்கு மூட்டை தூக்க வந்தவர் என்று சொன்னார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். நியமனக் கடிதம் இல்லாததால் ஒருவர் ஊழியர் இல்லை என்று ஆகிவிடாது. வாய்ச்சொல்லால் செய்த ஒப்பந்தமும் சட்டத்தின் முன் ஒப்பந்தமே. நாட்கூலிக்காரருக்கும் சேமலாப நிதி உரியது. ஆனால் வேலை செய்தேன் என்பதைக் காட்ட வேண்டும் அல்லவா? கடையில் இருந்த சக ஊழியர்கள் வாய் திறக்கப் பயந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது, நாளைக்கும் அதே கடைக்குத்தான் போக வேண்டும்.

அவரைக் காப்பாற்றியது யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் சாமான் ஏற்றும் லொறிக் கந்தோர். வாரத்தில் பல நாட்கள் துணிக்கட்டுகளைக் கொண்டுபோய் அங்கே ஒப்படைத்தவர் அவர்தான். ஒவ்வொரு பற்றுச்சீட்டிலும் கடையின் பெயர், திகதி, ஒப்படைத்தவரின் கையொப்பம். லொறிக் கந்தோர்க்காரர் பழைய பற்றுச்சீட்டுப் புத்தகங்களை எறியாமல் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்தில் நடந்த விசாரணைக்கு அவற்றை எடுத்துப் போனோம். வருடக்கணக்கான திகதிகளைப் பார்த்த பிறகு நாட்கூலி என்ற கதை நிற்கவில்லை. உரிய காலத்தில் கழிக்காமல் விட்ட ஊழியரின் 8 சதவீதத்தைப் பிறகு ஊழியரிடம் அறவிட முடியாது. தாமதத்துக்கு மேலதிகக் கட்டணமும் உண்டு. ஆகவே இரண்டு பங்கையும் பிள்ளைகளே கட்ட நேர்ந்தது.

கதை அதோடு முடியவில்லை. கடையில் எல்லோரும் அவரை ராஜா என்றே கூப்பிட்டார்கள். பற்றுச்சீட்டிலும் ராஜா என்றே இருந்தது. அடையாள அட்டையில் வேறு பெயர். பிறப்புச் சான்றிதழில் அதே பெயர் வேறு எழுத்துகளில், தகப்பனார் பெயர் முதலெழுத்தாக இல்லாமல் முழுதாக. மூவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் வாங்கி அலைந்த பிறகே பணம் கைக்கு வந்தது. தமிழர்களாகிய எங்கள் பெயர்கள் அலுவலகப் படிவங்களுக்குள் அடங்குவதில்லை என்பது நேயர்கள் எல்லோரும் அறிந்ததே. தகப்பன் பெயர் எங்கே, சொந்தப் பெயர் எங்கே என்று தெரியாமல் எழுதுவினைஞர் ஒன்றை எழுதுவார். கணக்காளர் இன்னொன்றை எழுதுவார். வேலைக்குச் சேரும் நாளிலேயே அடையாள அட்டையின் பிரதியைக் கொடுத்து, அதிலுள்ள எழுத்துகளின்படியே நியமனக் கடிதத்திலும் சேமலாப நிதிப் பதிவிலும் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.

கடை, காரியாலய ஊழியர்கள் பற்றிய 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்கும் கடமையைத் தொழில்தருநர் மீதே சுமத்தியிருக்கிறது. நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம், வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவு, திடீர்த் தேவைகளுக்கான 7 நாள் அமய லீவு என்பனவெல்லாம் அதே சட்டத்தில் உள்ளவை. ஆகவே கடிதம் கேட்பவர் சலுகை கேட்கவில்லை. கேட்கும் விதம் மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. "ஐயா, வங்கியில் கணக்குத் திறக்கக் கேட்கிறார்கள், ஒரு கடிதம் தந்தால் உதவியாக இருக்கும்" என்று கேட்டால் எந்த நல்ல முதலாளியும் முகம் சுளிக்கமாட்டார்.

அன்றாடச் சிக்கல்களுக்கு வருகிறேன், நேரம் ஓடுகிறது. மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் ஏசினால், அங்கேயே பதில் சொல்ல வேண்டாம். மறுநாள் தனியாகப் போய், ஒரே ஒரு விடயத்தை மட்டும் பேசுங்கள். பழைய குறைகளையெல்லாம் சேர்த்து அவிழ்த்தால் ஒன்றுக்கும் தீர்வு கிடைக்காது. வெற்றுத் தாளில் எந்தக் காரணத்துக்காகவும் கையொப்பமிட வேண்டாம். கோபத்தில் இராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம். பெண்கள் தொல்லைகளுக்கு ஆளாகும் விடயத்தைத் தனியே ஓர் உரையில் பேச வேண்டும். இந்த ஓரிரு நிமிடத்தில் அதைத் தொட்டால் அநியாயமாகிவிடும்.

"நாளைக்கு வரவேண்டாம்" என்று வாயால் சொல்லி அனுப்பினால், மறுநாள் கட்டாயம் போங்கள். உள்ளே விடாவிட்டால், வேலைக்கு வந்தேன், திருப்பி அனுப்பப்பட்டேன் என்று அன்றைய திகதியிட்டு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து, அவர் தாமாகவே வேலையை விட்டுப் போய்விட்டார் என்று சொல்வார்கள். அந்தப் பதிலை நானே நிறுவனங்களின் பக்கமிருந்து பலமுறை கேட்டிருக்கிறேன்.

பணிக்கொடையைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். பதினைந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தால், நீங்களாகவே விலகினாலும், ஒவ்வொரு வருடத்துக்கும் அரைமாதச் சம்பளம் கிடைக்கும். நான்கு வருடம் பத்து மாதத்தில் இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்று தாவுகிறவர்கள் நாட்காட்டியைப் பார்த்துவிட்டுத் தாவட்டும். வேலைநீக்கத்துக்கு எதிராகத் தொழில் நியாயசபைக்குப் போகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம், பதிலையும் தமிழில் பெறும் உரிமை கொழும்பிலும் உண்டு. கண்ணாடிக்கு அப்பாலிருந்து கையைக் காட்டுகிறார்கள்; மகப்பேற்று லீவு பற்றிய குறிப்பு என் கையிலேயே இருக்கிறது, நிலையத்தார் அழைத்தால் அடுத்த முறை.

நன்றி, வணக்கம்.