உம்கேனி மணலில் 176 புள்ளி

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் கொஞ்சம் அதிகமாகக் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ப்ளூ லகூன் பக்கம் நிற்கிறேன், உம்கேனி ஆறு கடலில் சேருகிற இடம். எதிர்க்கரையில் பச்சையாகத் தெரிவது பீச்வுட் அலையாத்திக் காடு.

இன்றைக்கு இந்த மணலில் ஒரு சிக்குக் கோலம். புள்ளிக்கு மாவு கிடையாது, பாட்டில் மூடிதான். எல்லாம் இந்த ஆறு கொண்டுவந்து ஒதுக்கியவை. பாட்டிலுக்குள் தண்ணீர் புகுந்தால் மூழ்கிவிடும், மூடி மட்டும் மிதந்து வந்துவிடும். மழைக்கு அப்புறம் பார்த்தால் கரையெல்லாம் மூடிதான். பொறுக்க வருகிறவர்களுக்குக் கையுறை கட்டாயம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் சேதமானதிலிருந்து நான் இந்தத் தண்ணீரை நம்புவதே இல்லை. இந்த மூடிகள் ஜிக், அதாவது ப்ளீச், ஊற்றி ஊறவைத்துக் கழுவியவை.

எண்ணி 176 மூடி. ஏன் என்று கேட்பீர்கள். 1917 அக்டோபரில் இந்த ஆறு பெருகியபோது மேலே ஸ்பிரிங்ஃபீல்டில் நம் இந்திய ஆட்கள் தகரக் கொட்டகைகளில் இருந்தார்கள். டின் டவுன் என்றே பேர். காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்கள். பலர் வெள்ளத்தோடு போய்விட்டார்கள். படவட்டன் சிக்ஸ் என்று இங்கே சொல்வோமே, மாரிமுத்து படவட்டனும் கூட ஐந்து பேரும், அவர்கள் அந்த வெள்ளத்தில் துடுப்புப் படகை இறக்கி 176 பேரைக் கரை சேர்த்தார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள், எனக்கு இதுதான் பிடித்த இடம். 176 என்றால் 11 புள்ளி, 16 வரிசை. இரண்டுக்கும் பொதுவாக வகுக்கும் எண் 1 மட்டும்தான். அதனால் புள்ளிகளுக்கு நடுவே சாய்வாக ஓடி ஓரத்தில் வளைந்து திரும்புகிற கோடு, கையெடுக்காமல் 176 புள்ளியையும் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். ஒரே இழை. 10க்கு 15 போட்டுப் பாருங்கள், ஐந்து தனி இழையாகப் பிரிந்துவிடும். ஒருத்தரையும் விடாமல் சுற்றி வருகிற படகு மாதிரி ஒரு கோடு வேண்டும் என்று தேடினேன். எண்ணிலேயே இருந்தது!

கோட்டுக்கு மீலி மாவு, அதாவது மக்காச்சோள மாவு. பறவை தின்றாலும் சரி, நண்டு தின்றாலும் சரி. பெயிண்ட், பசை எதுவும் ஆற்றோரம் கொண்டுவராதீர்கள். ஆற்றுக்காகக் கலை செய்கிறேன் என்று ஆற்றிலேயே ரசாயனத்தைக் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

அந்த ஆறு பேரைப் புள்ளிக்குள் வைக்க மனசில்லை. அலையாத்தி நாற்று, விரல் நீளத்தில் சுருட்டு போல இருக்கும், இந்த மணலில் ஒதுங்கிக் கிடந்தது. ஆறு நாற்றுகளை எடுத்துக் கோலத்துக்கு வெளியே படகு வடிவில் வைத்திருக்கிறேன். காட்டுக்குள் போய்ப் பறிக்கக் கூடாது, அது காப்பகம். முடிந்ததும் இருந்த இடத்திலேயே விட்டுவிடுவேன்.

அலை ஏறும் முன் மூடிகளைச் சாக்கில் அள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் கடலுக்கு நானே குப்பை அனுப்பினவன் ஆவேன். சரி, கேமராவைக் கீழே இறக்குகிறேன். மூலை வளைவைக் கிட்டத்தில் பாருங்கள், எல்லோரும் தடுமாறுவது அங்கேதான்.