என் கதைக்குள் என் பிள்ளை

நேயர்களுக்கு வணக்கம்.

பிள்ளை பெற்ற பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் குழந்தையைத்தான் விசாரிப்பார்கள். நீ எப்படி இருக்கிறாய் என்று தாயைக் கேட்பவர்கள் குறைவு. யாரும் கேட்காத அந்தக் கேள்விக்குத்தான் இன்று பல தாய்மார்கள் இணையத்தில் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தையல் வலி, பால் கட்டிய மார்பு, விடிய விடிய அழும் குழந்தை, அந்தக் குழந்தையைப் பார்த்தும் மனதில் ஊறாத பாசம். பிள்ளை பெற்ற பெண்களில் ஏறத்தாழ 13 சதவீதம் பேர் மனநலப் பாதிப்புக்கு ஆளாகிறார்கள், அதில் முதன்மையானது மனச்சோர்வு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படித் தவிக்கும் ஒருத்திக்கு, 'எனக்கும் இப்படித்தான் இருந்தது, மருத்துவரிடம் போனேன், மீண்டேன்' என்று இன்னொருத்தி எழுதிய நான்கு வரி என்ன செய்யும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தாய்மை பற்றிப் பல ஆண்டுகளாக எழுதி வருபவள் நான். ஆகவே எழுதாதீர்கள் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. கட்டாயம் எழுதுங்கள்.

ஆனால் அந்தக் கதைக்குள் இன்னொருவரும் இருக்கிறார். அவருக்கு இன்னும் பேச்சு வரவில்லை. நாளைக்குப் படிக்கக் கற்றுக்கொள்வார். தன் பெயரைத் தேடிப் பார்ப்பார். அவருடன் படிக்கிற பிள்ளைகளும் தேடுவார்கள்.

1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு, குழந்தைக்கும் அந்தரங்கம் உண்டு, மானம் உண்டு என்கிறது. அந்த உரிமை இணையத்தில் எப்படிப் பொருந்தும் என்று 2021இல் ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் குழு விளக்கியபோது, அந்தரங்கத்துக்கு ஆபத்து குடும்பத்தாரிடமிருந்தும் வரலாம் என்று எழுதியது. பெற்றோர் படங்களைப் பகிர்வதையே அதற்கு எடுத்துக்காட்டாகச் சொன்னது. பிரான்ஸ் நாடு 2024 பிப்ரவரியில் ஒரு சட்டமே கொண்டுவந்தது. குழந்தையின் படத்தின் மீதான உரிமையைப் பெற்றோர் இருவரும் சேர்ந்து காக்க வேண்டும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பக் குழந்தையையும் அந்த முடிவில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். எனக்கு இதில் முழு உடன்பாடு.

அப்படியானால் எதை எழுதுவது, எதை விடுவது? ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். எட்டு வயதுப் பையன் இரவில் படுக்கையை நனைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். தாய் களைத்துப்போயிருக்கிறாள், யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் போலிருக்கிறது. அவள் இப்படி எழுதலாம்: 'என் மகனுக்கு எட்டு வயதாகிறது, இன்னும் படுக்கையை நனைக்கிறான், நேற்றும் நனைத்தான்.' இதில் அவள் எங்கே இருக்கிறாள்? எங்கேயும் இல்லை. முழுக்க அவனுடைய வெட்கம்தான் இருக்கிறது. இன்னொரு விதமாகவும் எழுதலாம்: 'நடுராத்திரியில் எழுந்து ஒரு வேலை பார்க்க வேண்டி வந்தபோது எனக்கு வந்த கோபம் என்னையே பயமுறுத்தியது. கத்திவிடுவேனோ என்று வேறு அறைக்குப் போய் நின்றேன்.' இது அவளுடைய கதை. படிக்கிற தாய்க்கு இதில்தான் துணை கிடைக்கும். எந்தப் பிள்ளை, எந்த வயது, என்ன காரணம் என்பதெல்லாம் அந்தத் துணைக்குத் தேவையே இல்லை.

எழுதுவதற்கு முன் நான் எனக்கே வைத்துக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான்: இந்த வரியை அந்தப் பிள்ளை பதினைந்து வயதில், தன் நண்பர்கள் சுற்றி நிற்கும்போது படித்தால் எப்படி இருக்கும்? உடல் சார்ந்த எதுவும், நோய், மதிப்பெண், தண்டனை, அழுகை, குளியல், இவை எதுவும் இந்தக் கேள்வியைத் தாண்டுவதில்லை.

பிள்ளைக்கு ஒரு குறைபாடோ நீண்ட நோயோ இருந்தால் சிக்கல் கூடுகிறது. மற்ற பெற்றோரின் அனுபவம் அப்போது உண்மையாகவே வேண்டும். அந்த இடத்தில் புனைபெயரில், முகம் காட்டாமல் பேசுங்கள். பையனைப் பெண் ஆக்கலாம், வயதை மாற்றலாம், சில விவரங்களை மாற்றியிருக்கிறேன் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் மருந்தையோ அளவையோ நோய்க்குறியையோ மாற்றாதீர்கள், அதை நம்பி இன்னொரு தாய் நடப்பாள். மூடிய குழு என்பதற்காகவும் மனம் திறந்துவிடாதீர்கள். ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும், பூட்டிய கதவு திறந்துவிடும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

பெயர் சொல்லவில்லையே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அடையாளம் துண்டு துண்டாகத்தான் வெளியே போகிறது. 'இன்று செல்லத்துக்கு ஐந்து வயது' என்ற வாழ்த்தில் பிறந்த தேதி போய்விட்டது. சீருடைப் படத்தில் பள்ளி போய்விட்டது. வாசலில் எடுத்த படத்தில் தெருவும் கதவெண்ணும். கைபேசியில் இருப்பிடப் பதிவு இயங்கிக்கொண்டிருந்தால், எந்த இடத்தில் எடுத்தது என்ற விவரம் படக்கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். பல தளங்கள் அதை நீக்கிவிட்டுத்தான் வெளியிடுகின்றன, ஆனால் அதே படத்தைக் கோப்பாக அனுப்பினால் அது கூடவே போகும். பிறந்த தேதி, செல்லப்பிராணியின் பெயர், முதல் பள்ளி, இவையெல்லாம் கடவுச்சொல் மறந்தவர்களிடம் கேட்கப்படும் கேள்விகளும்கூட. சாதாரணமான ஒரு முகப்படத்தை வைத்து ஆபாசப் படம் செய்யும் கருவிகள் வந்துவிட்ட காலம் இது, அதனால் முகத்தைப் பொதுவெளியில் வைக்காமலிருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. எந்தப் பதிவையும் நடந்தபோதே போடாமல், அந்த இடத்தை விட்டு வந்த பிறகு போடுங்கள்.

கணவர், மாமியார், நாத்தனார், இவர்களும் உங்கள் கதையில் வருவார்கள். கோபம் ஆறும் முன் அவர்களைப் பற்றி எழுதியதை வெளியிட வேண்டாம். வரைவில் கிடக்கட்டும். ஒரு வாரம் கழித்துப் படித்தால் எந்த வரி உங்களுடையது, எந்த வரி பழி என்று உங்களுக்கே பிரித்துத் தெரியும். தாத்தா பாட்டி ஆசையாகப் படம் போடுவார்கள், அவர்களிடம் ஒரே ஒரு முறை தெளிவாகப் பேசிவிடுங்கள்: குடும்பக் குழுவுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும், வெளியே வேண்டாம்.

குழந்தைக்கு நான்கைந்து வயதாகிவிட்டால், 'இதை மற்றவர்களுக்குக் காட்டட்டுமா' என்று கேட்கலாம். வேண்டாம் என்றால் ஏன் என்று துருவாதீர்கள். வளர்ந்த பிள்ளை பழைய பதிவு ஒன்றை எடுக்கச் சொன்னால், அதற்கு எத்தனை பேர் ஆறுதல் சொல்லியிருந்தாலும் அன்றே எடுத்துவிடுங்கள். உங்கள் பக்கத்திலிருந்து எடுத்த பிறகும் தேடலில் படம் வந்துகொண்டிருந்தால், 18 வயதுக்கு உட்பட்டவரின் படத்தைத் தேடல் முடிவுகளிலிருந்து நீக்கச் சொல்லி கூகுளிடம் விண்ணப்பிக்க முடியும். பிள்ளையே செய்யலாம், பெற்றோரும் செய்யலாம். 2021 முதல் அந்த வசதி இருக்கிறது. தேடலில் மறையுமே தவிர, படம் இருக்கும் தளத்திலிருந்து போகாது. அந்தத் தளத்தாருக்குத் தனியாக எழுத வேண்டும். அந்தக் கடிதத்தைப் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

நன்றி, வணக்கம்.