மார்கழியில் மல்லி பூத்தால் வெட்டலாமா? சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு முதல் கேள்வி மதுரை திருப்பாலையில் இருந்து ஒரு அக்கா கேட்டது. வாசித்துவிடுகிறேன். "இந்த வருஷம் மார்கழியில் போர்வையே தேவைப்படவில்லை. மாடியில் வைத்திருக்கிற குண்டுமல்லி கார்த்திகைக் கடைசியில் இருந்தே பூக்கிறது. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒட்டுமா ஒரு பக்கம் மட்டும் பூத்திருக்கிறது. கேட்டுக்குப் பக்கத்தில் வைத்த செவ்வந்தி மட்டும் பூக்கவே இல்லை. குளிர் இல்லாததுதான் காரணமா? இப்பவே பூத்துவிட்டால் சித்திரைக்கு என்ன மிஞ்சும், வெட்டிவிடலாமா?"

மூன்று செடிக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது அக்கா. குளிர் குறைந்தால் பூ முந்தும் என்று நாம் பொதுவாக நினைக்கிறோம். குளிர் தேசத்து மரங்களில் அப்படி நடக்கிறது. ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் 2021-இல் மார்ச் 26-ஆம் தேதியே செர்ரி முழுதாகப் பூத்துவிட்டது. 1,200 வருஷப் பதிவுகளில் அதுவரைக்கும் அவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை. ஆனால் நம் ஊரில் குளிர் என்பதே என்ன? சாதாரண வருஷத்திலேயே மதுரையில் ஜனவரி ராத்திரி 20, 21 டிகிரிதான். இங்கே ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு கணக்கு வைத்திருக்கிறது.

முதலில் மல்லி. மல்லி மொட்டு பழைய கிளையில் வராது, புதுத் துளிரின் நுனியில்தான் கட்டும். பனிக்காலத்தில் துளிர் ஓட்டம் குறைவதால்தான் பூவும் குறைகிறது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் பொங்கல் நேரத்தில் மல்லி கிலோ ஆயிரங்களில் போவதும் அதனால்தான். உங்கள் செடி இருப்பதோ மொட்டை மாடி. பகலெல்லாம் வெயில் குடித்த தளம் ராத்திரி முழுக்க அந்தச் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். வயலில் நிற்கிற மல்லியைவிட உங்கள் தொட்டிக்குப் பனி குறைவு. போதாக்குறைக்கு, கவாத்தும் (கிளைகளை வெட்டிவிடுவது) செய்திருக்க மாட்டீர்கள், தண்ணீரும் தினமும் ஊற்றியிருப்பீர்கள். சரிதானே? துளிர் வந்தது, மொட்டு கட்டியது. இது நோய் இல்லை, பயப்பட வேண்டாம்.

மல்லி போடுகிற விவசாயிகள் நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்துவிடுவார்கள். கிளைகளைச் சேர்த்துக் கட்டி, தரையில் இருந்து சுமார் 45, 50 செ.மீ. விட்டு வெட்டுவார்கள். ஒரு முழம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பூக்காரம்மா அளக்கிற அதே முழம். இலையையும் உருவிவிடுவார்கள். அப்படி வெட்டிய செடி மார்ச்சில் பூக்கத் தொடங்கும். அக்டோபர் வரைக்கும் கை ஓயாது.

புத்தகப்படி பார்த்தால் இன்றைக்கே வெட்டுங்கள் என்றுதான் நான் சொல்ல வேண்டும். சொல்ல மாட்டேன். பூ விலை இப்படி விற்கும்போது தலைக்கு வைக்க வீட்டுச் செடியிலேயே நாலு பூ கிடைத்தால் அதை எவர் வெட்டுவார்? பொங்கல் வரைக்கும் பறித்துக்கொள்ளுங்கள். மாட்டுப் பொங்கல் முடிந்ததும் தயங்காமல் கவாத்து. தொட்டிச் செடி என்றால் பாதி உயரத்துக்கு வெட்டினால் போதும். உள்ளே காய்ந்த குச்சி, பென்சிலைவிட மெலிந்த குச்சி எல்லாம் அடியோடு போகட்டும். மேல்மண்ணைக் கிளறி நன்றாக மக்கிய தொழு உரம் இரண்டு கை போடுங்கள். வெட்டினதும் ஒரு வாரத்துக்குத் தண்ணீரைக் குறைத்து விடுங்கள். பங்குனியில் வர வேண்டிய பூ கொஞ்சம் தள்ளிப் போகும், ஆனால் அழகர் ஆற்றில் இறங்குகிற சமயத்தில் செடியில் பூ இருக்கும். வெட்டாமல் விட்டால்தான் சித்திரையில் ஏமாற்றம். குச்சி நீளும், இலை நிறையும், பூ அங்கொன்று இங்கொன்று என்று வரும்.

பிச்சி வைத்திருப்பவர்களும் அடிக்கடி கேட்கிறார்கள். அதற்குக் கவாத்து டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. மூன்றையும் ஒரே நாளில் வெட்டிப் போடாதீர்கள்.

இன்னொன்று, மொட்டு ஊதா நிறமாகி விரியாமலே உதிர்ந்தால் அது பருவக் கோளாறு இல்லை, மொட்டுக்குள் ஈயின் புழு இருக்கும். அந்த மொட்டைக் கிள்ளி அழித்துவிடுங்கள். உரத்தொட்டியில் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம் மாமரம். மார்கழியில் மா பூப்பது முந்திப் பூப்பதே இல்லை அக்கா. நத்தம், அழகர்கோவில் பக்கத்துத் தோப்புகளில் மார்கழியும் தையும் அதற்குப் பருவம்தான். ஒரு பக்கம் மட்டும் பூத்தது என்றீர்களே, அங்கேதான் குளிர் கணக்கில் வருகிறது. மல்லிக்கு நேர் எதிர் இது. மாவுக்கு ராத்திரிக் குளிரும் காய்ந்த மண்ணும் சேர்ந்தால்தான் பூ எடுக்கத் தோன்றும். குளிர் போதாத வருஷத்தில் இலை முற்றிய கிளைகள் மட்டும் பூக்கும், மற்ற கிளைகள் செம்பு நிறத்தில் கொழுந்து விடும். போய்ப் பாருங்கள், பூக்காத பக்கத்தில் கொழுந்து இருக்கும்.

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். என் வீட்டு மரம் வாடின மாதிரி தெரிந்தது. பாவம் என்று மார்கழி முழுக்க ஹோஸ் பைப்பை வேரடியில் போட்டு வைத்தேன். மரம் தளதளவென்று கொழுந்து விட்டது. அந்த வருஷம் ஊறுகாய்க்குக் கூட ஒரு வடு இல்லை. அதனால் மழை நின்றபிறகு மாவுக்குத் தண்ணீர் காட்டாதீர்கள். பிஞ்சு பட்டாணி அளவு வந்தபிறகு ஊற்றினால் போதும்.

பூத்த பக்கத்தை வெட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒட்டுக்கன்று நட்டு மூன்று வருஷம் ஆகவில்லை என்றால் பூவை மட்டும் கிள்ளிவிடுங்கள், மரம் முதலில் உடம்பு தேறட்டும். பூங்கொத்தில் சாம்பல் தூவின மாதிரி இருந்தால் நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம் கலந்து, வெயில் தாழ்ந்தபிறகு தெளியுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் பூ கருகும்.

கடைசியாக அந்தச் செவ்வந்தி. அதற்குக் குளிர் பெரிய விஷயமே இல்லை, ராத்திரி நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மார்கழியில் நமக்குப் பகல் சுமார் 11 மணி 30 நிமிடம், ஆனியில் 12 மணி 40 நிமிடம். அந்த ஒரு மணி நேர வித்தியாசத்தை வைத்துத்தான் செவ்வந்தி பூக்கிற காலத்தைத் தெரிந்துகொள்கிறது. உங்கள் கேட்டுக்கு மேலே தெருவிளக்கோ, ராத்திரி முழுக்க எரிகிற எல்இடி பல்போ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தச் செடிக்கு இன்னும் பகல்தான் நடந்துகொண்டிருக்கிறது. தொட்டியைத் தூக்கி விளக்கு வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள், பகலில் மட்டும் நல்ல வெயில் படட்டும். மூன்று நாலு வாரத்தில் நுனியில் மொட்டு கண்ணில் படும்.